உள்ளே போகாத ஒன்றரை லிட்டர்

வல்லம் சாலையில் தஞ்சாவூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சொந்த ஸ்பேனர் செட், பாதி தீர்ந்த பல்பொடி டப்பா. மணி நாலரை இருக்கும். ஆனி மாதக் காற்று முதுகில் அடித்து முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. சீக்கிரம் போ என்று அதுவும் சொல்வதுபோல் இருந்தது.

இப்படி நடப்பது எனக்குப் புதிதில்லை. அதற்கு முன் ஒன்பது வேலைகளிலிருந்து இதேபோல் கிளம்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதில் தெரிந்தால் நான் ஏன் நடக்கப் போகிறேன்?

அன்று விஷயம் கொஞ்சம் வேறு. நான் விட்டுவந்த பட்டறையில் ஒரு டீசல் பிக்கப் கட்டிப்போட்டபடி நின்றுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் பக்கிரிசாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஏன் இழுக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அரைகுறையாகத் தெரியும். அதனால்தான் நடந்தேன்.

அந்தப் பட்டறையில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. பேட்டரி வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன, அதில் கியரே இல்லை, சுவரில் உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறதே, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அட்டையில் இருப்பது இரண்டே வரி: “ஓடும்போது பார். சூட்டில் பார்.” எடுப்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் ஏன் எழுதினேன் என்று தெரிந்துகொண்டு எடுங்கள் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. நீடாமங்கலத்தில் பம்புசெட் எஞ்சின் பிரிக்கிற கடையில் தொடங்கினேன். பிறகு டிராக்டர் பட்டறை. அங்கே கட்டைவிரல் பக்கத்து விரலில் பாதி போனது. பிறகு அறுவடை மெஷினோடு ஆந்திரா வரை போய், மெஷின் நிழலிலேயே தூங்கி, மஞ்சள்காமாலையோடு திரும்பினேன். நாகப்பட்டினத்தில் இரண்டு வருடம் படகு எஞ்சின். வளைகுடாவில் மூன்று வருடம், அதில் ஆறு மாதம் சம்பளம் இல்லை. இதையெல்லாம் பயிற்சி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் டீசல் எஞ்சின் எந்த உடையில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். ஐம்பத்து நான்கு வயதில் டைனோ பட்டறைக்கு வந்து சேர்ந்தேன்.

டைனோ என்பது பெரிய ரகசியம் இல்லை. தரையில் பள்ளம் வெட்டி இரண்டு கனமான இரும்பு உருளைகளைப் பதித்திருக்கும். வண்டியின் பின்சக்கரங்களை அதன் மேல் ஏற்றி, சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தரை வளையங்களோடு பட்டையால் இழுத்துக் கட்டி ஓட்டினால், வண்டி நின்ற இடத்தில் நிற்கும், உருளை சுற்றும். சக்கரம் எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கோடாகப் போட்டுக் காட்டும். எங்கள் பக்கம் தரை தட்டு மாதிரி. மேடு என்றால் ஆற்றங்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். முன்பெல்லாம் வண்டியின் இழுவையைப் பார்க்க நெல் மூட்டை ஏற்றி மேம்பாலத்தில் ஏற்றுவோம். புகை கறுப்பாக வந்தால் பவர் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் நம்பினோம். உருளை வந்த பிறகு மலையை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிந்தது.

பட்டறையை நடத்தியவர் மலர்விழி. என்னைவிட இருபது வயது சிறியவர். அவர் அப்பாவும் அம்மாவும் திருத்துறைப்பூண்டி பக்கம் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். இவர் எஞ்சினியரிங் படித்து, வடக்கே ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி இந்த உருளையைப் போட்டார். நான் மேடம் என்பேன். அவர் கலியண்ணே என்பார். என் பெயர் கலியமூர்த்தி.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், என்ன எண் வரும் என்று அங்கே இருக்கிற எல்லோரும் சுவரில் சாக்பீஸால் எழுத வேண்டும். வண்டிக்காரரும் எழுத வேண்டும். எழுதாமல் திரையைப் பார்க்கக் கூடாது.

“முதல்ல எழுதுங்க, அப்புறம் பாருங்க. பார்த்துட்டா எல்லாரும் அறிவாளி ஆயிடுவோம்” என்பார்.

முதல் வாரம் எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. போகப் போகத்தான் புரிந்தது. எழுதிய எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் நமக்குத் தெரியாத விஷயம். அந்தத் தூரத்தைப் பார்க்க நான் காலையில் அவசரமாக வருவேன். வேறு எந்த வேலைக்கும் நான் அவசரப்பட்டுப் போனதில்லை.

பக்கிரிசாமி வந்தது என் இரண்டாவது வருடத்தில். ஊர் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. வளைகுடாவில் ஒரு கிரேன் யார்டில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டுத் திரும்பியவர். வந்த நஷ்டஈட்டில் இரண்டு பொருள் வாங்கினார். ஒன்று நெல் நடவு மெஷின். இன்னொன்று ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய டீசல் பிக்கப். கிளட்ச் இல்லை, வலது கால் போதும். மெஷினை ட்ரெய்லரில் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துப்போய் நட்டுக் கொடுப்பது அவர் தொழில். ட்ரெய்லரோடு கரை ஏறச் சிரமப்படுகிறது என்று வெளியூர்க் கடை ஒன்றில் எஞ்சினின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவும் பெரிதாகப் போட்டு, அகலமான டயரும் மாட்டியிருந்தார். சரியாக வேலை செய்திருக்கிறார்களா என்று எங்களிடம் அளந்துபார்க்க வந்தார். அந்த முறை எண் நன்றாகவே வந்தது. சக்கரத்தில் நூற்று ஐம்பது குதிரைத்திறனுக்கு மேல். மனிதருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, குறுவை நடவு தொடங்குகிற நேரத்தில், சிரிப்பில்லாமல் வந்தார்.

“எஞ்சின் கத்துது அண்ணே, வண்டி போக மாட்டேங்குது. நேத்து வெண்ணாத்தங்கரையில ஏத்தும்போது நடுவுல நின்னு போச்சு. ட்ரெய்லர் பின்னாடி இழுக்குது, நான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு சாமி கும்பிடுறேன்.”

எட்டுக் குடும்பத்துக்கு அவர் நடவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மெஷின் நடவுக்கு நாற்றைத் தட்டில் வளர்ப்பார்கள். பதினைந்து நாளில் தயார், பதினெட்டுக்குள் நட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் வேர் பின்னிக்கொண்டு, மெஷினின் விரலுக்கு வராது. எட்டுக் குடும்பத்து நாற்றும் வீணாகும். அன்று பதினைந்தாவது நாள்.

வேறு வண்டி இல்லையா என்று கேட்டேன்.

“மச்சான் வண்டி சும்மாதான் நிக்குது. அதுல மூணு பெடலு. என்கிட்ட ரெண்டுக்குத்தான் ஆள் இருக்கு” என்று வலது காலைத் தட்டிக் காட்டினார். டிரைவர்கள் யாரும் நடவு மாதத்தில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கரையில் ட்ரெய்லர் ஏற்றத் தெரிந்தவர் இல்லை.

வண்டியை உருளையில் ஏற்றினோம். ஆட்டோமேட்டிக்கை அளப்பது தனி வேலை. சாதாரண வண்டியில் கியரை நாம் போடுகிறோம், அது கேட்கிறது. ஆட்டோமேட்டிக் நம் காலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று முழுக்க மிதித்தால், அவசரம் போலிருக்கிறது என்று தானே கீழ் கியருக்குத் தாவிவிடும். கோடு கோணலாகிப் போகும். அதனால் டயரில் காற்றைச் சரிபார்த்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பட்டைகளை ஒரு முறை இழுத்து, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றவிட்டு மறுபடி இழுப்போம். எஞ்சினுக்கு எதிரே பெரிய மின்விசிறி. சறுக்கல் தடுக்கிற பொத்தானை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் மட்டும் சுற்றுவதைப் பார்த்து வண்டி பயந்து பவரைக் குறைத்துக்கொள்ளும். பிறகு கையால் நான்காவது கியரில் பூட்டி, மெல்ல வேகம் ஏற்றி, அது நிதானமான பிறகுதான் கால் முழுக்க இறங்க வேண்டும்.

“தூங்குற மாட்டை எழுப்புற மாதிரி மிதிங்க” என்பார் மலர்விழி.

சுவரில் எழுதினோம். பக்கிரிசாமி நூற்று ஐம்பது. மலர்விழி நூற்று முப்பது. நான் நூற்று நாற்பது.

முதல் ஓட்டம் நூற்று நாற்பத்தொன்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது நூற்று இருபத்தாறு. மூன்றாவது நூற்று எட்டு. மூன்று முறையும் எஞ்சின் ஒரே மாதிரிதான் உறுமியது. புகை இல்லை, தட்டல் இல்லை, டர்போ அழுத்தம் குறையவில்லை. வண்டியின் அடியிலிருந்து மட்டும் வறுபட்ட வாடை ஒன்று லேசாக வந்தது.

மலர்விழி இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். ஒன்று எஞ்சின் சுற்றும் வேகம், இன்னொன்று உருளையின் வேகம். முதல் ஓட்டத்தில் இரண்டும் ஒட்டிப்போயின. மூன்றாவதில் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி.

“எஞ்சின் கொடுக்குது. உருளைக்கு வந்து சேரலை. வழியில எங்கயோ போகுது.”

பக்கிரிசாமி திரைக்குப் பக்கத்தில் போய் அந்த இடைவெளியைப் பார்த்தார். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் இதைப் படிக்கத் தெரிந்தது.

“மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போடுவான். எங்க வாய்க்காலுக்கு வராது. நாங்க மதகைத் திட்ட மாட்டோம். வயல்லேர்ந்து மேல நடந்துக்கிட்டே போவோம், எவன் கரையை ஒடச்சு வச்சிருக்கான்னு பார்க்க” என்றவர், மலர்விழி பக்கம் திரும்பி, “உருளைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கடைசியா கை வச்சது யாரும்மா?” என்றார்.

டீ குடித்துவிட்டு வேலைச் சீட்டை எடுத்துப் பார்க்கிறேன், கியர் பாக்ஸையும் பார்க்கிறேன் என்றார் மலர்விழி.

அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. முதல் தடவை பக்கிரிசாமி வந்து போனபோது, மலர்விழி ஊரில் இல்லாத ஒரு நாளில், அந்த கியர் பாக்ஸுக்கு ஆயில் மாற்றியவன் நான். டிராக்டருக்கு எப்படிச் செய்வேனோ அப்படித்தான் செய்தேன். எஞ்சினை நிறுத்தி, அடித்திருகைத் திறந்து பழையதை வடித்து, அளவு காட்டும் திருகுத் துளை வழியாகச் சொட்டும்வரை புதியதை ஊற்றி மூடினேன். கம்பெனிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை. முப்பது வருடமாக நூற்றுக்கணக்கான டிராக்டருக்கு இதே கையால் செய்திருக்கிறேன், இதற்கு எதற்குப் புத்தகம்?

ஆனால் அன்று ஒன்றைக் கவனித்தேன். வெளியே வந்தது ஐந்து லிட்டர். உள்ளே போனது மூன்றரைதான். அதற்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது. பழையதை யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது மனதில் உட்காரவில்லை. சீட்டில் “ஆயில் மாற்றப்பட்டது” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டீ வந்தபோது நான் பின்பக்கம் போய்ப் பையை எடுத்தேன்.

கல்லணைக் கால்வாய்ப் பாலத்துக்கு வந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. புது ஆறு என்போம். கரை முட்டத் தண்ணீர். பாலத்துக் கட்டையில் பையை வைத்து நின்றேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பட்டுக்கோட்டை பஸ் இருக்கும், அங்கே தேங்காய் நார் மில்லில் ஜெனரேட்டர் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பத்தாவது வேலையை விட்டுப் பதினோராவது.

குற்ற உணர்ச்சி என்னைத் திரும்ப இழுத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது உண்மை இல்லை. எனக்கு இருந்தது ஒரு கேள்வி. ஐந்து வெளியே வந்தது, மூன்றரை உள்ளே போனது, மீதி ஒன்றரைக்கு உள்ளே எங்கே இடம்? டிராக்டர் பெட்டி வெறும் தொட்டி. ஆயில் கீழே கிடக்கும், பல்சக்கரம் அதில் புரளும். இந்தப் பெட்டிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயிலை மேலே இழுத்து வைத்துக்கொள்கிற ஏதோ ஒன்று. அப்படியானால் நான் நின்றுபோன வண்டியில் அளந்தது அளவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மலர்விழி அந்தத் திருகைத் திறப்பார். என்ன நடந்தது என்று அவர் பார்ப்பார், பக்கிரிசாமி பார்ப்பார், நான் மட்டும் பட்டுக்கோட்டை பஸ்ஸில் இருப்பேன். சாகும்வரை எனக்குத் தெரியாமல் போகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வல்லம் போகிற மினி பஸ்ஸில் ஏறினேன்.

வண்டி உருளை மேலேயே நின்றது. வேலைச் சீட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. மலர்விழி என் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

“டீ ஆறிப்போச்சு கலியண்ணே. ஆயில் எவ்வளவு குறையுதுன்னு எழுதச் சொல்லியிருக்கேன். நீங்களும் எழுதுங்க.”

சுவரில் அவர் எழுதியது அரை லிட்டர். பக்கிரிசாமி ஒரு லிட்டர். நான் சாக்பீஸை எடுத்து ஒன்றரை என்று எழுதினேன். அதன் கீழே கோடும் போட்டேன்.

“அவ்வளவு உறுதியா?” என்றார் மலர்விழி.

சொன்னேன். வடித்தது, ஊற்றியது, எஞ்சின் நின்றிருந்தது, புத்தகம் திறக்காதது, பையை எடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பக்கிரிசாமி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மலர்விழி லேப்டாப்பை வண்டியில் மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கடைசியில் ‘பார்க்’ என்கிற நிறுத்த நிலைக்குக் கொண்டுவந்தார். ஆயில் சூடு புத்தகம் சொல்கிற அளவில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது, அளவுத் திருகைத் திறக்கச் சொன்னார். நான்தான் அடியில் படுத்திருந்தேன். திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. விரலை விட்டேன், காற்றுதான் இருந்தது.

கைப்பம்பால் ஏற்றினோம். அரை லிட்டர், ஒன்றுமில்லை. ஒரு லிட்டர், ஒன்றுமில்லை. ஒன்றரைக்கு ஒரு கை குறைய இருக்கும்போது என் நெற்றியில் முதல் சொட்டு விழுந்தது.

சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

நெற்றியைத் துடைத்த துணியைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மலர்விழி அதை வெள்ளைத்தாளில் தடவி வெளிச்சத்தில் பிடித்தார். மிளகுத்தூள் போலப் புள்ளிகள். ஆயில் குறைந்து, அதை மேலே இழுக்கிற பம்பு காற்றை உறிஞ்சி, உள்ளே கியரைப் பிடித்துக்கொள்கிற தகடுகள் நழுவி நழுவிக் கருகியிருந்தன. எஞ்சின் கொடுத்த பலம் எல்லாம் அங்கேதான் சூடாகப் போயிருந்தது.

“எஞ்சின்ல குத்தமில்லை. பெட்டியை எறக்கிப் பிரிக்கணும். தகடு வெளியூர்லேர்ந்து வரணும், ரெண்டு வாரம் ஆகும். செலவு கடையோடது. ஆனா இதோட ட்ரெய்லரைக் கட்டிக் கரை ஏறாதீங்கண்ணே, பாதியில விட்டுரும்” என்றார் பக்கிரிசாமியிடம்.

பக்கிரிசாமி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஏண்ணே, என் வண்டி உங்களுக்கு டிராக்டர் மாதிரியா தெரிஞ்சுது?”

“ஆமா தம்பி. எனக்கு எல்லாமே டிராக்டர் மாதிரிதான் தெரிஞ்சுது.”

“இன்னைக்குப் பதினஞ்சாம் நாளு” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. எண்ணிக்கை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“மச்சான் வண்டியில பேட்டரி இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு.”

“கிளட்ச்சு?”

“அதை மிதிக்கத்தான் ஆளில்லைன்னேனே.”

ஆந்திராவில் அறுவடை மெஷினை ட்ரெய்லரில் ஏற்றி மூன்று பருவம் இழுத்திருக்கிறேன் என்றேன். மூன்று நாளோ முப்பது நாளோ, நடவு முடியும்வரை வருகிறேன், சோறு போதும் என்றேன். அவர் மலர்விழியைப் பார்த்தார். மலர்விழி வேலைச் சீட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“நடவு முடிஞ்சதும் வாங்க கலியண்ணே. பெட்டி பிரிக்கும்போது நீங்க இருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேணாமா?”

என்னை அவர் எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மச்சானின் பழைய பிக்கப்பில், பின்னால் நடவு மெஷினோடு, வெண்ணாற்றங்கரையின் அடியில் நின்றோம். கரைக்கு அந்தப் பக்கம் முதல் வயல், வரப்பில் நாற்றுத் தட்டுகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். பக்கிரிசாமி என் பக்கத்து இருக்கையில் கைத்தடியை முழங்காலுக்கு நடுவே பிடித்திருந்தார். நான் கிளட்சை அமுக்கி முதல் கியரைத் தட்டினேன். வெறும் பேண்ட் மடித்துக் குத்தியிருந்த அவருடைய இடது முழங்காலும் கூடவே இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை.

“அவசரப்படாதீங்க” என்றார். “பாதியில நிறுத்தவும் நிறுத்தாதீங்க.”

காலை மெல்ல எடுத்தேன். வண்டி ஏறியது.